பாட்டுப் போடாத ஒரு காப்பி

திருச்சியில் எந்த ஸ்டூடியோவிடம் கல்யாண வீடியோவுக்கு விலை கேட்டாலும் முதலில் வாட்ஸ்அப்பில் ஒரு பிடிஎஃப் வந்து விழும். சில்வர், கோல்டு, பிளாட்டினம் என்று பேக்கேஜ்கள். ட்ரெடிஷனல் வீடியோ, கேண்டிட் வீடியோ, டீசர், ஹைலைட்ஸ், அவுட்டோர் ஷூட், ட்ரோன், எல்இடி வால் என்ற பெரிய திரை, லைவ், பெரிய ஆல்பம், மினி ஆல்பம், காலண்டர், சுவரில் மாட்ட ஒரு ஃப்ரேம். கோல்டுக்கு மேலே போனால் பொண்ணு மாப்பிள்ளை படம் போட்ட காபி மக் இலவசம். தங்கை கல்யாணத்துக்கு வீடியோ ஏற்பாடு என் பொறுப்பு என்று ஆனதும் இந்தப் பட்டியல்களை ஒன்றன்பின் ஒன்றாகப் படித்தேன். என்ன கேமரா, எத்தனை பேர் வருவார்கள், ஆல்பம் எத்தனை பக்கம், எல்லாம் இருக்கிறது. சத்தத்தை எப்படிப் பதிவு செய்வார்கள் என்று மட்டும் ஒன்றில்கூட ஒரு வரி இல்லை.

எனக்கு அது உறுத்தியதற்குக் காரணம் பெரியப்பா வீட்டு பீரோவில் இருந்த கேசட். 1991-இல் நடந்த அக்கா கல்யாணம். அந்தக் காலத்து வீடியோக்காரரை நினைவிருக்கிறதா? தோளில் பனாசோனிக் கேமரா, பின்னாலேயே ஒயரை இழுத்துக்கொண்டு ஒரு லைட் பாய். அவர் ஹாலஜன் விளக்கைத் தூக்கிப் பிடித்தால் அந்த வரிசையில் உட்கார்ந்திருக்கும் அத்தனை பேரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சிரிப்பார்கள். முழுக் கல்யாணமும் 180 நிமிட விஎச்எஸ் கேசட் ஒன்றுக்குள் அடங்க வேண்டும். அதற்குமேல் இன்னொரு கேசட் என்றால் இன்னொரு செலவு. அதனால் அவர்களும் ஒரு அளவோடு எடுத்தார்கள். மிக்சிங் என்று ஒன்று உண்டு. தாமரைப் பூவுக்குள் இருந்து பொண்ணு மாப்பிள்ளை வருவார்கள், இதயம் இரண்டாக உடைந்து அடுத்த காட்சி திறக்கும், ஊருக்குள்ளேயே நடந்த கல்யாணத்தில் திடீரென்று ஊட்டி ஏரி தெரியும். இன்று பார்த்தால் சிரிப்பு வருகிறது. இப்போதைய ஸ்லோமோஷனைப் பார்த்து இன்னும் முப்பது வருடம் கழித்து யாரோ சிரிக்கத்தான் போகிறார்கள்.

அந்தக் கேசட்டை ஓட்ட டெக் கிடைக்காமல் அது வருடக்கணக்கில் பீரோவிலேயே கிடந்தது. டெக் தயாரித்துக்கொண்டிருந்த கடைசிப் பெரிய நிறுவனம், ஜப்பானின் ஃபுனாய், 2016 ஜூலையோடு உற்பத்தியை நிறுத்திவிட்டது. நம்மூர் ஈரக் காற்றில் டேப்பின் மேல் வெள்ளையாகப் பூஞ்சை வேறு பிடித்துவிடும். சுத்தம் செய்து டிஜிட்டலாக மாற்றிக் கொடுக்கும் ஒருவரைத் தேடிப் பிடித்து மாற்றினோம். படம் கொஞ்சம் அலை அடித்தாலும் வந்துவிட்டது. மேடையோரம் நாற்காலியில் தாத்தா. யாரையோ கைகாட்டிக் கூப்பிட்டு ஏதோ சொல்கிறார், அவரும் சிரிக்கிறார், சுற்றி இருப்பவர்களும் சிரிக்கிறார்கள். என்ன சொன்னார்? தெரியாது. அந்த இடத்தில் ஒரு சினிமாப் பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. தாத்தா பேசி எங்களிடம் இருக்கும் ஒரே பதிவு அதுதான், அதில் வேறு யாரோ பாடுகிறார்.

அதனால் ஸ்டூடியோவில் போய் உட்கார்ந்ததும் நான் கேட்ட முதல் கேள்வி, "சார், சவுண்டுக்கு என்ன பண்ணுவீங்க?"

"சாங் போட்டுருவோம் சார்."

இரண்டாவது இடத்திலும் கிட்டத்தட்ட இதே பதில்தான். "உங்களுக்கு எந்த சாங் வேணும்னு லிஸ்ட் குடுத்துருங்க" என்றார் அவர், கூடுதல் கரிசனத்தோடு. குறை சொல்லவில்லை. யாரும் கேட்காததை அவர்கள் ஏன் விற்கப்போகிறார்கள்? எல்லோரும் டீசரைப் பார்த்துத்தான் ஆள் பிடிக்கிறார்கள். மூன்று நிமிட டீசரில் பின்னணி இசை ஓடும், பொண்ணு ஜன்னலோரம் ஜிமிக்கியை மாட்டுவாள், மாப்பிள்ளை வாட்ச் கட்டுவார், மழைபோல அட்சதை விழும். நல்ல எடிட்டர் கையில் கிடைத்தால் எந்தக் கல்யாணத்தையும் அப்படி ஆக்கிவிடலாம். அதைப் பார்த்து ஒரு குழுவின் தரத்தை எடை போடவே முடியாது என்பது என் கட்சி.

நான் கேட்டது ஃபுல் வீடியோ. சமீபத்தில் முடித்த ஏதாவது ஒரு கல்யாணத்தின் முழு நீள வீடியோவை, அந்த வீட்டார் சம்மதித்தால், ஸ்டூடியோவிலேயே உட்கார்ந்து பார்க்கிறேன் என்றேன். சிலர் தயங்கினார்கள். ஒருவர் டீ வாங்கிக் கொடுத்து மானிட்டர் முன்னால் உட்கார வைத்துவிட்டு அவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். அதில் முகூர்த்தத்தை நான் வேகமாக ஓட்டிவிட்டேன். தாலி கட்டுவதைத் தவறவிடும் கேமராக்காரர் எங்குமே கிடையாது. பார்க்க வேண்டியது மற்ற இடங்களை. முந்தின நாள் மாலை, வரிசையாக ஆட்கள் மேடையேறும் ரிசப்ஷனில் கேமரா எங்கே இருக்கிறது? பந்தியில் ஆட்கள் வாயைத் திறந்து சாப்பிடும்போது முகத்துக்குள்ளே போய் நிற்கிறதா, கொஞ்சம் தள்ளி நின்று வரிசையைக் காட்டுகிறதா? மண்டபத்து எல்இடி விளக்கில் படம் பட்டை பட்டையாக ஓடுகிறதா? (நம்மூர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். கேமராவின் ஷட்டர் வேகத்தை 1/50 நொடியிலோ 1/100 நொடியிலோ வைத்தால் அந்தப் பட்டை பெரும்பாலும் அடங்கிவிடும். மேடைக்குப் பின்னால் எல்இடி வால் வைத்தால் அது தனித் தலைவலி.) சாவகாசமாக உட்கார்ந்திருக்கும் கிழவர் கிழவிகளிடம் கேமரா நிற்கிறதா, அல்லது பட்டுப் பாவாடைக் குழந்தையையும் பொண்ணின் தோழிகளையும் மட்டும் சுற்றிச் சுற்றி வருகிறதா? இதெல்லாம் டீசரில் தெரியாது.

இந்த இடத்தில் 'ட்ரெடிஷனல்' வீடியோக்காரர்களுக்காகக் கொஞ்சம் பேச வேண்டும். போஸ் கொடுக்கச் சொல்லாமல் இயல்பாக எடுக்கும் கேண்டிட் வந்த பிறகு அவர்களைப் பழைய ஆட்கள் என்று பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது. 2008-இல் கேனான் 5டி மார்க் 2 வந்து, ஸ்டில் கேமராவிலேயே சினிமா மாதிரி பின்னணி மங்கிய வீடியோ எடுக்கலாம் என்று ஆனதில் இருந்து தொடங்கிய மாற்றம் இது. படம் அழகாகத்தான் வருகிறது. ஆனால் பின்னணியை மங்கடித்தால் பின்னால் நிற்கும் அத்தையும் மங்கிவிடுகிறாள். ட்ரெடிஷனல்காரர் ஒவ்வொரு வரிசையாக நடந்து, ஒருவர் விடாமல் முகத்தைப் பதிவு செய்துவிட்டுப் போவார். பார்க்கச் சலிப்பாக இருக்கும். பத்து வருடம் கழித்து வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து 'இதோ பாரு, இது யாரு தெரியுதா' என்று நிறுத்தி நிறுத்திப் பார்ப்பது அந்தப் பகுதியைத்தான்.

இன்னொன்று, அவர்களுக்குச் சடங்கு தெரியும். அடுத்து என்ன நடக்கும், எந்தப் பக்கம் இருந்து யார் வருவார் என்பது தெரிந்தால்தான் கேமராவோடு அங்கே முன்கூட்டியே நிற்க முடியும். அய்யர் வீட்டுக் கல்யாணம் என்றால் காசி யாத்திரையும் ஊஞ்சலும் மண்டபத்து வாசலை ஒட்டி நடக்கும். மேடையை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவர் கோட்டை விடுவார். கொங்குப் பக்கம் சீர்களை நடத்துவது அருமைக்காரர் என்ற சமூகப் பெரியவர். நகரத்தார் வீட்டில் கழுத்துரு (அவர்களின் தாலி) என்ன, எப்போது என்று தெரியாமல் போனால் சங்கடம். நிக்காஹ் என்றால் மாப்பிள்ளை இருக்கும் இடம் ஒன்று, பொண்ணு இருக்கும் இடம் வேறு. ஆகவே இரண்டு கேமரா இரண்டு இடத்தில் ஒரே நேரத்தில் ஓட வேண்டும். சர்ச்சில் பீடத்துக்கு எவ்வளவு அருகில் வரலாம் என்பதை ஃபாதரிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். சுயமரியாதைத் திருமணம் இருக்கிறதே, 1967-இல் அண்ணா முதல்வராக இருந்தபோது சட்டமன்றம் அதைச் சட்டப்படி செல்லும் திருமணமாக ஏற்றது. அதில் உறுதிமொழியும் மாலை மாற்றுவதும் சில நிமிடங்களில் முடிந்துவிடும், வாழ்த்துரைதான் கல்யாணமே. அங்கே போய் பேச்சை மியூட் செய்து பாட்டுப் போட்டால் மிச்சம் என்ன இருக்கிறது?

கோயிலில் கல்யாணம் வைப்பவர்கள் முதலில் கோயில் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். கேமராவுக்கு அனுமதி, கட்டணம், எந்த மண்டபம் வரை என்பதெல்லாம் கோயிலுக்குக் கோயில் வேறுபடும். 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கோயில்களுக்குள் செல்போன் கூடாது என்று உத்தரவிட்ட பிறகு, வெளியில் கேமராவை நிறுத்திவிட்டு 'செல்லுலயாவது எடுத்துக்கலாம்' என்ற கடைசி வழியும் பல இடங்களில் இல்லை.

சரி, ஆளை எப்படி முடிவு செய்தோம் என்பதற்கு வருகிறேன். டீ வாங்கிக் கொடுத்தவரையேதான். அவருடைய வீடியோவில் பந்தி இடத்தில் இலைச் சத்தமும் 'சாம்பார் இந்தப் பக்கம்' என்ற குரலும் இரண்டு நிமிடம் அப்படியே விடப்பட்டிருந்தது. கேட்டதற்கு, "சாங் தீர்ந்துபோச்சு சார், அடுத்தது சேக்க மறந்துட்டான் எடிட்டர்" என்றார். நேர்மை பிடித்திருந்தது. எங்களுக்கு இரண்டு காப்பி வேண்டும், ஒன்று வழக்கம்போலப் பாட்டோடு, இன்னொன்று பாட்டே போடாமல் கேமராவில் பதிவான சத்தத்தோடு என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "யாரும் கேட்டதில்ல சார். பாட்டுப் போடாம குடுத்தா வேலை முடியாத மாதிரி இருக்குமே" என்றார். பேசியதில் ஒப்புக்கொண்டார். அதற்குத் தனிக் காசு கேட்கவும் இல்லை. ஏனென்றால் எடிட் செய்யும்போது அந்தச் சத்தம் ஒரு டிராக்கில் இருக்கத்தான் செய்கிறது. அவர்கள் அதைக் குறைத்து வைத்துவிட்டு மேலே பாட்டை ஏற்றுகிறார்கள். பாட்டு டிராக்கை அணைத்துவிட்டு இன்னொரு முறை வெளியே எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் நல்ல சத்தம் வேண்டுமென்றால் பிறகு அணைப்பது மட்டும் போதாது, அன்றைக்கே ஒழுங்காகப் பதிவாக வேண்டும். நாதஸ்வரமும் தவிலும் மேடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கெட்டிமேளம் வாசித்தால் கேமராவில் இருக்கும் சின்ன மைக் தாங்காது, கிழியும். மாப்பிள்ளை சட்டையில் காலர் மைக் மாட்டலாம் என்றால் மாலை உரசி உரசி, கேட்பதெல்லாம் சருகுச் சத்தம். எங்கள் வீடியோக்காரர் டீமில் இருந்த தம்பி ஒருவன் செய்த ஏற்பாடு எனக்குப் பிடித்தது. கையடக்கமான ரெக்கார்டர் ஒன்றை மணவறைத் தூணில் பூவுக்குள் கட்டிவிட்டான். ஒலிப்பதிவு அளவைக் கெட்டிமேளத்துக்கு ஏற்றபடி இறக்கி வைத்தான். அய்யர் மைக்கில் சொல்லும் மந்திரத்தை மண்டபத்து ஆம்ப்ளிஃபையரிலிருந்து நேரடியாக ஒயர் போட்டு எடுத்தான். இன்னொரு ரெக்கார்டரை, நான் கேட்டுக்கொண்டபடி, பந்தி நடக்கும் கூடத்தில் ஓரமாக வைத்தான். பந்தியில் எதற்கு என்று அவனுக்குப் புரியவில்லை. கல்யாணத்தில் மனிதர்கள் உண்மையில் பேசிக்கொள்வது அங்கேதான். மேடையில் எல்லோரும் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

பாட்டு விஷயத்தில் சட்டமும் கொஞ்சம் இருக்கிறது. கல்யாணத்தில் சினிமாப் பாட்டுப் போடுவதற்கு, ஊர்வலத்துக்கும் ரிசப்ஷனுக்கும் சேர்த்து, பதிப்புரிமைச் சட்டத்தில் விலக்கு உண்டு, பிரிவு 52(1)(இசட்ஏ). 2023 ஜூலையில் மத்திய அரசு ஒரு பொது அறிவிப்பு கொடுத்து இதை இன்னொரு முறை தெளிவுபடுத்தியது. அந்த விலக்கு மண்டபத்தில் பாட்டை ஒலிக்க விடுவதற்கு. அதே பாட்டை வீடியோவில் ஒட்டி யூடியூபில் ஏற்றுவது வேறு சமாச்சாரம். ஏற்றிய சில நிமிடங்களில் உரிமை கோரி அறிவிப்பு வரும், சில சமயம் சத்தத்தையே எடுத்துவிடுவார்கள். ஆசையாகப் போட்ட டீசர் ஊமைப்படமாகிவிட்டது என்று புலம்பும் தம்பதிகள் ஏராளம்.

அதே 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் நமக்குச் சாதகமான ஒன்றும் இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. காசு கொடுத்து ஒருவரை அமர்த்திப் படமோ வீடியோவோ எடுக்கச் சொன்னால், வேறு ஒப்பந்தம் எதுவும் இல்லாத வரை, அதன் முதல் உரிமையாளர் காசு கொடுத்தவர்தான். பிரிவு 17(பி). அதனால்தான் ஸ்டூடியோ நீட்டும் தாளில் கையெழுத்துப் போடும் முன் படிக்க வேண்டும் என்கிறேன். 'படங்களை விளம்பரத்துக்குப் பயன்படுத்திக்கொள்ள உரிமை உண்டு', 'ரா ஃபுட்டேஜ் தரப்பட மாட்டாது' என்று சின்ன எழுத்தில் இருக்கும். தங்கைக்குத் தன் முகம் யாரோ ஒருவரின் இன்ஸ்டாகிராமில் விளம்பரமாக ஓடுவதில் விருப்பமில்லை. அந்த வரியைப் பேனாவால் அடித்துவிட்டு, இரண்டு பேரும் பக்கத்தில் கையெழுத்துப் போட்டோம். ரா ஃபுட்டேஜுக்கு, அதாவது எடிட் செய்யாத முழுப் பதிவுக்கு, ஹார்டு டிஸ்க் நாங்களே வாங்கிக் கொடுப்பதாகப் பேச்சு.

தாளில் நான் சேர்க்கச் சொன்ன இன்னொரு வரி, வரப்போகிறவர் யார் என்பது. வைகாசி, ஆவணி, தை மாதங்களில் நல்ல வளர்பிறை முகூர்த்தம் ஒன்று வந்தால் ஊரில் ஒரு மண்டபமும் காலியாக இருக்காது. ஒரே ஸ்டூடியோ அன்றைக்கு மூன்று கல்யாணம் ஒத்துக்கொண்டிருக்கும். நீங்கள் பார்த்து அசந்துபோன வீடியோவை எடுத்தவர் வேறு மண்டபத்தில் இருப்பார், உங்களுக்கு வருவது அன்று காலை போன் போட்டு அழைத்த ஃப்ரீலான்ஸ் பையன். அவன் கெட்டிக்காரனாகவும் இருக்கலாம், ஆனால் நீங்கள் அவனைத் தேர்ந்தெடுக்கவில்லை. விசாரிக்கப் போவதற்கு ஆடியும் மார்கழியும் தோதான மாதங்கள். கல்யாணம் இல்லாததால் அவர்களுக்கு உட்கார்ந்து பேச நேரம் இருக்கும்.

பில் பற்றி ஒரு வார்த்தை. இந்தச் சேவைக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவர்கள் பதிவு செய்ய வேண்டியதில்லை, பதிவு செய்யாதவர்கள் ஜிஎஸ்டி வாங்கவும் கூடாது. ஆகவே சொன்ன தொகை வரியோடு சேர்த்தா, சேர்க்காமலா என்று முதலிலேயே கேளுங்கள். பணத்தை மூன்றாகப் பிரித்தோம். அட்வான்ஸ், கல்யாணத்தன்று ஒரு பகுதி, மிச்சம் எல்லாவற்றையும் கையில் வாங்கிய பிறகு. என் நண்பன் ஒருவன் கல்யாணத்தன்றே முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டான். அவனுக்கு வீடியோ வந்தபோது குழந்தைக்குக் காது குத்தியாகிவிட்டது. அப்படி இழுத்தடித்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்காமல் நாமே வாதாடலாம், இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுத்திருக்க வேண்டும். கையில் ரசீதும் எழுதின தாளும் இருந்தால்தான் இதெல்லாம்.

ட்ரோன் வேண்டுமா என்று கேட்டார்கள். மாப்பிள்ளையின் தம்பிக்கு ரொம்ப ஆசை. நான் வேண்டாம் என்றேன். எங்கள் மண்டபம் விமான நிலையத்திலிருந்து கிட்டத்தில் இருக்கிறது. 2021 ட்ரோன் விதிகளின்படி விமான நிலையச் சுற்றுச்சுவரிலிருந்து எட்டு கிலோமீட்டருக்குள் அனுமதி வாங்காமல் பறக்கவிட முடியாது. எட்டுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே என்றால் 200 அடி வரை போகலாம். 'யாரும் கேக்க மாட்டாங்க சார்' என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அது கிடக்கட்டும், மேலே போய் என்னத்தைப் பார்ப்பது? மண்டபத்துத் தகரக் கூரையையும் பார்க்கிங்கில் நிற்கும் கார்களையும். வயல் நடுவே வீடு, வீட்டு வாசலில் பந்தல் என்று இருந்தால் சரி, அழகாக இருக்கும்.

லைவ் வைத்தோம். அம்மாவின் அக்கா கனடாவில் இருக்கிறார், முழங்கால் வலியால் வர முடியவில்லை. 2020-இல் கல்யாணத்துக்கு ஐம்பது பேர்தான் என்று இருந்த நாட்களில் எல்லோருக்கும் பழகிவிட்ட ஏற்பாடு இது. மண்டபத்து வைஃபையை நம்ப வேண்டாம். முகூர்த்த நேரத்தில் மொத்தக் கூட்டமும் அதில்தான் தொங்கிக்கொண்டிருக்கும். பெரியம்மா அங்கே இரவு முழுக்க விழித்திருந்து பார்த்துவிட்டு, 'தாலி கட்டுறப்ப ஒரு முதுகுதான் தெரிஞ்சது' என்றார்.

அந்த முதுகுக்கு வருகிறேன். பொதுவாகக் கல்யாணங்களில் பொண்ணு வீட்டுக்கு ஒரு டீம், மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு டீம். ஒவ்வொன்றிலும் போட்டோ, வீடியோ, கேண்டிட், கேமரா ஆடாமல் பிடிக்கும் ஜிம்பல், லைட். மாங்கல்ய தாரணத்தின்போது மேடையைச் சுற்றி இவர்கள் மதில்போல நிற்க, வாழ்த்த வந்த முன்னூறு பேர் அந்த மதிலின் மேல் குத்துமதிப்பாக அட்சதையை எறிகிறோம். இதற்காகவே சம்பந்தி வீட்டில் பேசி, செலவைப் பாதிப் பாதி போட்டு ஒரே டீம் என்று முடிவு செய்தோம். மாலை மாற்றுவதிலிருந்து தாலி கட்டும் வரை மேடையில் ஒரு போட்டோ, ஒரு வீடியோ மட்டும், இருவரும் பக்கவாட்டில். மற்றவர்கள் கீழே நின்று ஜூம் லென்ஸில் எடுக்க வேண்டும் என்று பேசியிருந்தோம். தாலி எடுக்கும் வரை எல்லோரும் ஒழுங்காக இருந்தார்கள். கெட்டிமேளம் என்று குரல் எழுந்ததும் கேண்டிட்காரருக்கு உடம்பு கேட்கவில்லை, ஏறிவிட்டார். பெரியம்மா பார்த்தது அவர் முதுகை. அப்புறம் அவர், "சார், ஒரு தடவை கையை அப்படியே வெச்சு இங்க பாருங்க" என்று மாப்பிள்ளையிடம் சொல்ல, அய்யர் நிமிர்ந்து, "கட்டியாச்சு, இறங்கும்" என்றார். ரெக்கார்டரில் அது தெளிவாக விழுந்திருக்கிறது. மொத்தக் கல்யாணத்திலும் எனக்குப் பிடித்த வசனம்.

வேலை வாங்குவது பற்றி இரண்டே விஷயம். டீமோடு சொந்தக்காரப் பையன் ஒருவனைக் கூடவே அனுப்புங்கள். யார் தாய்மாமன், யார் பக்கத்து வீட்டுக்காரர் என்று கேமராக்காரருக்கு எப்படித் தெரியும்? இரண்டாவது, அவர்கள் சாப்பிட்டார்களா என்று பாருங்கள். விடிகாலை நாலு மணிக்கு பொண்ணு அலங்காரத்திலிருந்து நிற்கிறார்கள். கடைசிப் பந்தியில் அவர்கள் உட்காரும்போது வடை தீர்ந்துபோயிருக்கும். முதல் பந்தியிலேயே பாதிப் பேரை உட்கார வைத்துவிட்டால் மதியம் அவர்கள் முகமே வேறு.

ஆனி மாதக் கல்யாணம். ஆடியில் எடிட் முடித்து, ஆவணி பிறந்ததும் கொடுத்தார்கள். 4கே-யில் நொடிக்கு 100 மெகாபிட் என்று எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி ஆகும், இரண்டு கேமராவுக்கும் கணக்குப் போட்டுப் பெரிய டிஸ்க்காக வாங்கியிருந்தோம். வந்த அன்றே இன்னொரு டிஸ்க்கில் நகல் எடுத்து அதைத் தங்கை வீட்டில் வைத்தாயிற்று. ஸ்டூடியோக்காரர்கள் அடுத்த சீசனுக்கு இடம் வேண்டும் என்று பழையதை அழித்துவிடுவார்கள், அவர்களிடம் இருக்கும் என்று இருந்துவிடக் கூடாது. பென்டிரைவ் கொண்டுபோய் டிவியில் செருகிப் பார்க்கத்தான், பாதுகாக்க அல்ல.

பாட்டுப் போட்ட காப்பியை அம்மா ஒரு முறை பார்த்தாள். போடாத காப்பி வீட்டில் அடிக்கடி ஓடுகிறது. நலங்கில் அத்தை பாதி மறந்து பாதி பாடியது, பொண்ணு அறையில் தங்கை பசிக்கிறது என்று கத்தியது, வாசலில் அப்பா யாரையோ 'வாங்க வாங்க' என்று கூப்பிட்டுவிட்டு அருகில் இருந்தவரிடம் "இவர் யாரு?" என்று கேட்டது, எல்லாம் இருக்கிறது. ஒரே ஒரு சிக்கல். பந்திக் கூடத்தில் வைத்த ரெக்கார்டருக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்தவர் மாப்பிள்ளையின் பெரிய மாமா. "பாயசத்துல முந்திரிய எண்ணிப் போட்டிருக்காங்க போல" என்று அவர் சொன்னதும், அதற்கு எங்கள் சித்தி அவர் காதில் விழாது என்று நினைத்துச் சொன்ன பதிலும் அட்சரம் பிசகாமல் பதிவாகியிருக்கிறது. அந்த இடத்தை வெட்டிவிடச் சொன்னாள் அம்மா. நான் வெட்டவில்லை. சம்பந்தி வீட்டுக்குப் பாட்டுப் போட்ட காப்பியைக் கொடுத்தனுப்பினோம்.